ஈயம் தொடாமல்

ஜூன் 3

மேகத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அண்ணனுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் நல்லா இருக்கோம். அண்ணியோட முழங்கால் வலி இப்போ தேவலையா? அந்த மலைக் குளிர்ல நீ சாக்ஸ் போடாமத் திரியறேன்னு போன கடிதத்துல அண்ணி கோள் மூட்டியிருந்தாங்க. ஒழுங்கா போட்டுக்கோ.

விஷயத்துக்கு வரேன். எங்க ஊர் ஸ்கேன் சென்டர் மெஷின் படுத்துடுச்சு. வயித்துக்குள்ள இருக்கறதைத் திரையில காட்டுமே, அதுதான். ஊருக்கே இருக்கறது அது ஒண்ணு. கம்பெனி ஆள் வந்தான், மூடியைக்கூட முழுசாக் கழட்டலை, "மெயின் போர்டு மாத்தணும், வர நாலு மாசம் ஆகும்"னு சொல்லி ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டான். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "ஊர்ல இருக்கற டிவி, மில் மெஷின் எல்லாம் உன் பட்டறைக்குத்தானே வருது, இதையும் பாரேன்"னாங்க. நானும் பெரிய இவளாட்டம் தலையை ஆட்டிட்டேன். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குள்ள அது ஓடியே ஆகணும்.

சிக்கல் என் ஸ்கோப்தான். மின்சாரத்தோட துடிப்பை அது கோடா வரைஞ்சு காட்டும்னு உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனா என்னோடது ஐம்பது மெகாஹெர்ட்ஸ் வகை. மெஷினுக்குள்ள ஓடற துடிப்பு எண்பது. எங்கே அதோட முள்ளை வச்சாலும் திரையில ஒரே மாதிரி மழுங்கின மேடு. நல்ல இடம் எது, கெட்ட இடம் எதுன்னு பிரிக்க முடியலை. நூறு வகை வாங்க இப்போ வழியில்லை. நீதான் ஏதாவது சொல்லணும்.

போன்ல கேளேன்னு அவர் சொல்றார். உங்க ஒளிபரப்பு நிலையத்துல இருக்கறது ஒரே போன், அதுவும் இன்ஜினியர் மேசை மேல. நான் உன்னைத் திட்டறதை அஞ்சு பேர் கேட்கணுமா?

உன் தங்கை.


ஜூன் 11

கட்டெறும்புக்கு,

நலம். உன் கடி இல்லாம ரெண்டு வாரம் போரடிச்சுது. அண்ணி முழங்காலுக்குத் தைலம் தடவித் தடவி வீடே மருந்துக் கடை மாதிரி மணக்குது. சாக்ஸ் போட்டுட்டுத்தான் எழுதறேன், சாட்சிக்கு ஆள் இருக்கு.

அடியே, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியே! எங்க நிலையத்துல உன் ஸ்கோப்போட அண்ணன் இருக்கு, நூறு வகை. நேத்து விசிறி மாத்தத் திறந்தேன். போன வருஷம் நீ உன்னுதைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினியே, அதைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே போர்டு! ஒரு பொட்டு வித்தியாசம் இல்லை. ஒண்ணே ஒண்ணு, உன்னுதுல ரெண்டு நுழைவாய்கிட்டயும் அரிசி நொய் மாதிரி ஒரு கபாசிட்டர் கூடுதலா உட்கார்ந்திருக்கு. வேகமா வர துடிப்பை வாசல்லயே மடக்கறது அதுதான்னு நினைக்கிறேன். அதை சூடு காட்டி எடுத்துட்டா உன் ஐம்பது நூறாயிடும்.

நீ சால்டரிங் அயர்ன் பிடிச்சா எறும்புக்கு செருப்பே தைப்பே. பத்து நிமிஷ வேலை. முடிச்சிட்டு எழுது. ஆமா, அது என்ன ஆகஸ்ட் கடைசின்னு அவ்வளவு அவசரம்?

அண்ணன்.


ஜூன் 19

அன்பு அண்ணனுக்கு,

நாங்க சௌக்கியம். அண்ணியை ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு சொல்லு.

உன் யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா சால்டரிங் வேணாம்னு பார்க்கறேன். கொஞ்ச நாளா ஈயம் உருகற புகை பட்டாலே குடலைப் பிரட்டுது. பட்டறையில இப்போ கேபிள் மாத்தறது, ஃபியூஸ் மாத்தறதுன்னு ஈயம் தொடாத வேலையாத்தான் எடுக்கறேன். வயசாகுதோ என்னவோ.

அவரைப் பண்ணச் சொல்லலாமேன்னு நீ கேட்பே. உன் மாப்பிள்ளை பஸ்ல டிக்கெட் கிழிக்கறதுல மன்னன், ஒத்துக்கறேன். போன தடவை அயர்னைக் கையில கொடுத்தப்ப ரேடியோவை விட்டுட்டு மேசையைப் பத்த வச்சார். வெளியாள் கையில என் ஸ்கோப்பைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஈயம் தொடாம வேற வழி இருந்தா சொல்லு. ஆகஸ்ட் கடைசி டாக்டரம்மா சொன்ன கணக்கு.

தங்கை.


ஜூன் 28

கட்டெறும்பே,

சௌக்கியம் விசாரிக்கற மனநிலையில நான் இல்லை. ஆனாலும் கேட்கறேன், நல்லா இருக்கியா?

முப்பத்தோரு வயசுல வயசாகுதாம்! எட்டு வயசுல அப்பாவோட டார்ச்சைப் பிரிச்சு ஈயம் வச்சவ நீ. அந்தப் புகைதான் உனக்கு சாம்பிராணி. இப்போ குடலைப் பிரட்டுதுன்னா நான் நம்பணுமா? சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்லை. இல்லைன்னா பட்டறையை மூடற யோசனையா? அப்படி ஏதாவது இருந்தா நேரா சொல்லு.

இந்தப் பார்சல்ல புது சால்டரிங் அயர்ன் இருக்கு, ஊசி முனை. கண்ணுல மாட்டற பூதக்கண்ணாடி இருக்கு. புகைதானே உனக்குப் பிரச்சினை? அதை இழுத்து வெளியே தள்ள ஒரு குட்டி விசிறியும் வச்சிருக்கேன். இனிமே என்ன சாக்கு சொல்றேன்னு பார்க்கறேன்.

அண்ணன்.


அதே பார்சலில், விசிறிக்கு அடியில் மடித்து வைத்த சீட்டு

என் கண்ணு,

உங்க அண்ணனுக்குத் தெரியாம இதை சொருகறேன். என் காலுக்கு ஒண்ணும் இல்லை, உன் உடம்பைச் சொல்லு.

நாற்பது மைலுக்கு அப்பால ஒரு ஆன்டெனா அரை அங்குலம் திரும்பினா இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிடும். மூக்குக்கு முன்னாடி நிக்கறது தெரியாது. புகை பட்டாக் குடலைப் பிரட்டுதுன்னு நீ எழுதினதை அவர் சத்தமாப் படிச்சுக் காட்டிக் கத்தினார். எனக்கு அடுப்புல வச்சது மறந்து போச்சு. நீ வாயும் வயிறுமா இருக்கியா? ஆமான்னா ஆமான்னு எழுது. உங்க அண்ணன் ஓட்டை வாய்க்கு நான் பூட்டு, பயப்படாதே. என் பேருக்கே எழுது, ஜீப்ல வர தபாலை நானே போய் வாங்கிக்கறேன்.

அண்ணி.


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமா அண்ணி. ஆமா. மூணாவது மாசம் முடியப் போகுது. இதை எழுதறப்பவே சிரிப்பு வருது, பயமாவும் இருக்கு.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டேன்னு கோபப்படாதீங்க. மூணு வருஷம் முன்னாடி என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொன்ன அன்னைக்கே அண்ணன் நிலையத்துல பதினாலு பேர்கிட்ட சொன்னான். ஜீப் டிரைவர்கிட்ட ரெண்டு தடவை. அடுத்த மாசமே அது தங்காமப் போச்சு. அந்தப் பதினாலு பேர்கிட்டயும் ஒவ்வொருத்தராப் போய் "இல்லை"ன்னு சொல்லி அழுதானாமே. என் துக்கத்தை நான் தாங்கிட்டேன் அண்ணி. என்னைப் பார்க்க வந்தப்ப அவன் முகம் இருந்ததே, அதைத்தான் தாங்க முடியலை. அதனால இந்தத் தடவை அஞ்சாம் மாசம் ஸ்கேன் பார்த்து, எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டரம்மா வாயால கேட்டப்புறம்தான் அவனுக்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்த ஸ்கேனுக்குத்தான் ஆகஸ்ட் கடைசி வாரம். அந்த மெஷின்தான் என் மேசை மேல பிரிஞ்சு கிடக்குது! ஓடலைன்னா பக்கத்து ஊர் சென்டருக்கு மலைப்பாதையில ஆறு மணி நேரம் பஸ். டாக்டரம்மா கூடவே கூடாதுங்கறாங்க. இவர், "என் பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போறேன், நத்தை மாதிரி ஓட்டச் சொல்றேன்"ங்கறார். மத்த பயணிங்க இவரை இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க.

ஈயத்துக்கும் அந்தப் புகைக்கும் பக்கத்துலயே போகாதேன்னு டாக்டரம்மா கண்டிப்பு. அண்ணன் அனுப்பின அயர்ன் அவ்வளவு அழகா இருக்கு. தொடாம எடுத்து வச்சுட்டேன். வேற வழி தேடிட்டு இருக்கேன். நீங்க வாயைத் திறக்காதீங்க.

உங்க செல்லம்.


ஜூலை 16

கட்டெறும்புக்கு,

நலம். நீயும் நலமா இருக்கணும். நேரத்துக்குச் சாப்பிடு.

யோசிச்சுப் பார்த்தேன், சால்டரிங் வேணாம். அவ்வளவு சின்னதை எடுக்கப் போய் பக்கத்துல இருக்கறதும் பிய்ஞ்சு வந்துட்டா வம்பு. அந்த அயர்னை அப்படியே திருப்பி அனுப்பிடு, இங்கே ஒரு வேலைக்குத் தேவைப்படுது. வேற வழி நீயே கண்டுபிடிப்பே.

பட்டறையில அந்த மூணு கால் ஸ்டூலைத் தூக்கிப் போடு. முதுகு சாயற நாற்காலியில உட்கார்ந்து வேலை பாரு. கனமான டிவியெல்லாம் மாப்பிள்ளை தூக்கட்டும், அவருக்கும் உடற்பயிற்சி வேணும். ஸ்கோப்பையும் அவரையே தூக்கச் சொல்லு.

அண்ணன்.


ஜூலை 26

அன்பு அண்ணனுக்கு,

நாங்க ரொம்ப நல்லா இருக்கோம். நாற்காலி மாத்தியாச்சு. திடீர்னு இவ்வளவு கரிசனம் எங்கிருந்து வந்துது? அண்ணி மந்திரம் போட்டாங்களா?

அண்ணா, கண்டுபிடிச்சிட்டேன்! ஸ்கோப்போட முதுகுல கம்ப்யூட்டர் கேபிள் சொருகற ஓட்டை இருக்கே, வாங்கின நாள்லேருந்து அங்கே தூசிதான் குடியிருந்துது. கேபிளைப் போட்டு, புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல இருந்த கட்டளையை அடிச்சு, "நீ யாரு"ன்னு கேட்டேன். சமத்தா பதில் சொல்லுச்சு, கம்பெனி பேர், மாடல் பேர், வரிசை எண். அப்பதான் பொறி தட்டுச்சு. ரெண்டு வகையும் ஒரே போர்டுன்னு நீதானே சொன்னே? அப்போ ஆன் பண்ணினதும் இது தன் பேரைப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே, "ஓ, நான் ஐம்பது"ன்னு அடங்கி உட்காருது? அந்தப் பேரையே மாத்திட்டா?

கம்பெனி தர புதுப்பிப்பு ஃபைலைத் திறந்தேன். பூரா கிறுக்கல். நாலு நாள் அதுலயே கண்ணை ஓட்டினதுல நடுவுல படிக்கற மாதிரி சில கட்டளைகள் அகப்பட்டுது. உள்ளே இருக்கறதை நகல் எடுக்க ஒண்ணு, மாடல் பேரை எழுத இன்னொண்ணு! நீ சொன்ன கபாசிட்டரைத் தொடவே வேண்டாம். அதுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன சில்லு இருக்கு, பேரைப் பார்த்து வாசலைத் திறந்து மூடறது அதுதான்.

இது தப்பான்னு கேட்கறேன். ஆனா தப்புன்னு சொன்னே, கடிப்பேன். நீ பிடுங்கச் சொன்னப்ப அது தொழில், நான் பேரை மாத்தினா மட்டும் களவா?

தங்கை.


ஆகஸ்ட் 5

என் கெட்டிக்காரிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? நல்லாத் தூங்கறியா?

கபாசிட்டர்தான் காரணம்னு நான் அடிச்சு விட்டது தப்பு. ஒத்துக்கறேன், சட்டம் போட்டு மாட்டிக்கோ. உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். இன்ஜினியர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். "உங்க தங்கையை இங்கே வேலைக்கு எடுக்கலாம், உங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியலை"ன்னார்.

களவுங்கறியே, காசு கொடுத்து வாங்கின பெட்டி உன்னுது. உள்ளே இருக்கறதும் உன்னுது. ஆனா என்னைக்காவது விக்கறதா இருந்தா ஐம்பதுன்னே சொல்லி வில்லு, நூறுன்னு சொல்லி ஒருத்தன் தலையில கட்டாதே. அவ்வளவுதான் என் நியாயம்.

இப்போ கவனமாக் கேளு. ஆழம் தெரியாம காலை விடாதே. முதல்ல நகல் எடு. ரெண்டு இடத்துல வை. எழுதறப்ப கரன்ட் போனா பெட்டி செங்கல்லாயிடும், அதனால பேட்டரி வச்சு ஓட்டு. மாடல் பேரை நீயே பார்த்து அடிக்காதே, யாராவது எழுத்து எழுத்தாப் படிக்கட்டும். அவசரப்படாதே. தண்ணி குடிச்சிட்டு உட்காரு. தப்பாப் போனாலும் பரவாயில்லை, எங்க நிலையத்து ஸ்கோப்பை இன்ஜினியர் கால்ல விழுந்தாவது வாங்கி ஜீப்ல கொண்டு வந்து தரேன். எப்படியும் அந்த மெஷின் ஓடும்.

அண்ணன்.


ஆகஸ்ட் 26

என் உயிர் அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். எவ்வளவு நல்லான்னு கடைசியில சொல்றேன். மூணு வாரமா பதில் போடாததுக்குத் திட்டாதே, முழுசாப் படி.

நீ சொன்னபடியே நகல் எடுத்தேன், பேட்டரி வச்சேன். உன் மாப்பிள்ளை பக்கத்துல நின்னு மாடல் பேரைப் படிச்சார். படிச்சாரா? பஸ் ஸ்டாப் பேர் சொல்ற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக் கத்தினார். ரெண்டாவது பூஜ்யம் வரப்ப பழக்க தோஷம், "பின்னாடி போங்க, பின்னாடி போங்க"ன்னுட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கலை. சிரிச்சுக்கிட்டே ஒரு பூஜ்யத்தை விட்டுட்டு என்டர் தட்டிட்டேன்.

ஸ்கோப் அணைஞ்சுது. திரும்ப ஆன் பண்ணினா கம்பெனி முத்திரை மட்டும் வந்து அப்படியே நின்னு போச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன், அசையலை. தான் யாருன்னே அதுக்குத் தெரியலை, பாவம். நான் தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன். இவர் தண்ணி கொண்டு வந்து கொடுத்தார். அப்புறம் நீ எடுக்கச் சொன்ன நகலை ஏத்தினேன். நல்லவேளை, முத்திரையோட நின்னாலும் கேபிள் வழியாக் காது கேட்டுது. ஒரு மணி நேரத்துல பழைய ஐம்பதா எழுந்து உட்கார்ந்துது. மறுநாள் காலையில குளிச்சிட்டு, இவரை வாசல்ல நிக்க வச்சு அங்கிருந்து படிக்கச் சொல்லி, திரும்ப எழுதினேன். நூறு!

அதே இடங்கள்ல முள்ளை வச்சேன் அண்ணா. மழுங்கின மேடெல்லாம் போயி துடிப்பு பளிச்சுன்னு நிக்குது. ஒரே ஒரு சொருகு போர்டைத் தாண்டினதும் மட்டும் விட்டு விட்டுக் காணாமப் போச்சு. போர்டை உருவிப் பார்த்தா அதோட பல்லெல்லாம் பச்சையாப் பூத்துப் போயிருக்கு. பென்சில் அழிக்கற ரப்பரால தேய்ச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, திரும்பச் சொருகினேன். மெஷின் ஓடுச்சு. நாலு மாசம் ஆகும்னு சொன்னானே கம்பெனி ஆள், அவன் மூஞ்சியைப் பார்க்கணும் எனக்கு! இப்போ பத்து நாளா ஊரே வரிசையில நிக்குது.

நேத்து அந்த வரிசையில நானும் நின்னேன்.

அண்ணா, எனக்கு அஞ்சு மாசம். உன்கிட்ட மறைச்சிட்டேன், மன்னிச்சிடு. திரும்ப உன்னை அழ வைக்கக் கூடாதுன்னுதான். நான் சரி பண்ணின மெஷின்ல நானே படுத்திருந்தேன். திரையில முதல்ல முதுகெலும்பு வந்துது, முத்து கோத்த மாதிரி. அப்புறம் இதயம். நூத்து நாற்பத்தெட்டு. துடிப்பு ஒழுங்கா இருக்கான்னு என்னையும் அறியாம எண்ண ஆரம்பிச்சிட்டேன், டாக்டரம்மா அதட்டினாங்க. "எல்லாம் நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லை"ன்னு அவங்க வாயால சொன்னாங்க. இந்த மாசத்துலேருந்து குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பிக்குமாம். எனக்கு சந்தோஷத்துல கை ஓட மாட்டேங்குது.

கோபமா இருக்கியா?

உன் தங்கை.


செப்டம்பர் 5

என் தங்கத்துக்கு,

கோபமா? போடி பைத்தியம்.

எனக்கு ஜூலையிலயே தெரியும். அண்ணி பேருக்கு உன் கடிதம் வந்த அன்னைக்கு அவ மெத்துன்னு இருக்கற பழைய புடவையெல்லாம் எடுத்துச் சதுரம் சதுரமாக் கிழிக்க ஆரம்பிச்சா. என்னன்னு கேட்டேன், மேசை துடைக்கன்னா. நாற்பது துணி! எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு மேசை. மலையில இருந்தாலும் எனக்கும் கொஞ்சம் மூளை வேலை செய்யும். உனக்குப் போய் சால்டரிங் அயர்ன் பார்சல் பண்ணினேனேன்னு என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துது.

அவகிட்ட நான் கேட்கலை. எனக்குத் தெரியாதுன்னு அவ நடிச்சா, அவ நடிக்கறது தெரியாத மாதிரி நான் நடிச்சேன். ரெண்டு மாசம் ஒரே வீட்டுல ரெண்டு நாடகம். உன் கடிதத்தைப் படிச்சிட்டு நேத்துதான் ரெண்டு பேரும் வேஷத்தைக் கலைச்சோம்.

நீ என்கிட்ட மறைச்சதுல வருத்தம் இல்லை. நான் ஏன் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலைன்னு சொல்றேன். போன தடவை நான் ஊரெல்லாம் கத்தினதாலதான் அப்படி ஆச்சோன்னு மூணு வருஷமா எனக்குள்ள ஒரு முள்ளு. முட்டாள்தனம்னு எனக்கே தெரியும். இருந்தாலும் இந்தத் தடவை ஒரு குஞ்சுகிட்டகூட சொல்லலை. இன்ஜினியர்கிட்ட சொல்லலை. நேத்து ஜீப் டிரைவர் உன் கடிதத்தைக் கொடுத்துட்டு அங்கேயே நின்னார். படிச்சு முடிச்சதும், "என்ன சார் விஷயம்"னார். "தங்கச்சி ஸ்கோப் நூறாயிடுச்சு"ன்னேன். "அதுக்கா சார் இப்படி அழறீங்க"ன்னு ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கோ. மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், நீ சொன்னா செய்வேன், இல்லைன்னா இன்னும் நாலு மாசம் வாயைக் கட்டிக்கறேன். இப்போ நான் கத்தலாமா?

அண்ணன்.


செப்டம்பர் 11

அண்ணா,

கத்து. இங்கே மூணு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

தங்கை.